நிழலை விட்டு ஒருக்கால் வாருங்கள், சேர்

வட மாகாணத்தில் போக்குவரத்துப் பொலிஸாருக்குப் பொறுப்பாக இருக்கும் ஐயாமாருக்கு,

வணக்கம். நான் ஏ9 வீதிக்கரையில் ரயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையில் ஓரிடம். இதற்கு மேல் குறிப்பாகச் சொன்னால் நாளைக்கு என்னுடைய மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகத்தைத்தான் முதலில் கேட்பார்கள், ஆகவே அதோடு விடுகிறேன். கடை என்றால் நாலு மரக்கால், எட்டுத் தகரம், காற்றடிக்கும் மிசின் ஒன்று, ரியூப்பை அமிழ்த்திப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. வேலை இல்லாத நேரம் வாங்கில் குந்தியிருந்து வீதியைப் பார்ப்பேன். பதினொரு வருடமாகப் பார்க்கிறேன்.

கடைக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு மருதமரம் நிற்கிறது. நல்ல நிழல். உங்கள் ஆட்கள் நிற்பது அதற்குக் கீழேதான். காலை ஒன்பது, ஒன்பதரைக்கு வருவார்கள். வெயில் உச்சிக்கு ஏறி நிழல் சுருங்கும் வரைக்கும் நிற்பார்கள். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு ஒருக்கால் வருவதும் உண்டு. இந்த மடல் அந்த மரத்தைப் பற்றியது.

ஏன் உங்களுக்கு நேரே எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். வேறு யாருக்கு எழுதுவது? அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்த 1987ஆம் ஆண்டிலிருந்து பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கு உரியது என்று கடதாசியில் இருக்கிறது, கைக்கு வரவில்லை. 2013இல் வாக்குப் போட்டு ஒரு வடமாகாண சபையைத் தெரிவு செய்தோம். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. சபை இருந்த காலத்திலும் ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரரை இந்த மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மாற்ற அதனால் முடிந்திருக்காது. பிரதேச சபைக்குச் சொன்னால் 'அது எங்கடை வேலை இல்லை' என்பார்கள். சரி, உங்களிடமே சொல்லுவோம்.

சில மாதங்களுக்கு முந்தி ஒரு நாள். பத்து மணி இருக்கும். உட்கிராமத்திலிருந்து ஒரு கமக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். முன்னால் டாங்கின் மேல் யூரியா மூட்டை, பின்னால் மனைவி, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெடியன். அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். மனைவியின் ஹெல்மெட் கையில் கொழுவியிருந்தது. உங்கள் ஆள் மறித்தார். மறித்தது சரிதான், நான் அதைப் பிழை சொல்லவில்லை. லைசன்ஸை வாங்கி, தண்டப் புத்தகத்தை மோட்டார் சைக்கிள் சீற்றின் மேல் வைத்து, குனிந்து எழுதத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மாங்குளப் பக்கமிருந்து ஒரு டிப்பர் வந்தது. மேலே தறப்பாள் ஒரு முனை அவிழ்ந்து படபடவென்று அடிக்கிறது. பெட்டிக்கு மேல் ஒரு முழம் மணல் குவிந்து நிற்கிறது. ஆற்றிலிருந்து அள்ளி அதிக நேரமில்லை, ஈர மணலிலிருந்து வடிந்த தண்ணீர் வீதியில் நீளத்துக்குக் கோடு போட்டுக்கொண்டு வருகிறது. அந்தக் காற்றில் கமக்காரரின் மனைவியின் சீலைத் தலைப்பு பறந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

தண்ணீர்க் கோடு காய அரை மணித்தியாலம் எடுத்தது. அதுவரைக்கும் அந்தக் கமக்காரர் அந்த இடத்திலேயே நின்று கொண்டிருந்தார், சேரோடு கதைத்துப் பார்க்கலாம் என்று.

எங்கள் பக்கத்து டிப்பர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கனகராயன் ஆற்றுப் பக்கம், கல்லாற்றுப் பக்கம் எங்கே மணல் அள்ளுகிறார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். பெர்மிட் இருக்கிறதா, ஒரு பெர்மிட்டில் எத்தனை லோட் போகிறது என்பதெல்லாம் கனிய வளத் திணைக்களங்களின் பாடு. அதற்குள் நான் போகவில்லை. நான் கேட்பது வேகம், பாரம், ரயர் இந்த மூன்றைத்தான். அதில் மூன்றாவது என் தொழில்.

ரயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். என் கடைக்கு வரும் டிப்பர் ரயரில் கால்வாசியைத் தொட்டாலே எனக்குக் கை கூசும். மொட்டையாகி, வழுவழுவென்று, சிலதில் ஓரத்தில் கம்பி வெளியே தெரியும். பின் சக்கரம் இரட்டையாக இருப்பதால் உள்பக்கத்து ரயர் எந்த நிலையில் கிடக்கிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும். மூன்று கியூப் ஈர மணலோடு மழைத் தார் வீதியில் அந்த ரயர் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 'அண்ணை, இதை ஒட்டினாலும் நிக்காது' என்று சொல்லுவேன். 'நீங்கள் ஒட்டுங்கோ, முதலாளி புதுசு வாங்கித் தரமாட்டார்' என்பான் ஓடுகிற பெடியன். அவனும் நாள் கூலிக்கு ஓடுகிறவன், லோட் கணக்குக்குக் காசு. பதினொரு வருடத்தில், மரத்தடியில் நிற்கும் ஒருவர் குனிந்து ஒரு ரயரைத் தடவிப் பார்த்ததை நான் காணவில்லை. லைசன்ஸ், இன்சூரன்ஸ், வரிப்பத்திரம், புகைச் சான்றிதழ் எல்லாம் கேட்கிறீர்கள். எல்லாம் கடதாசி. 2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பஸ்ஸிலும் ஓட்டோவிலும் இருந்த கலர் லைட்டுகளையும் சத்தக் கோர்ன்களையும் தேவையில்லாத அலங்காரங்களையும் கழற்ற வைத்தீர்கள். நல்ல வேலைதான், அந்தக் கோர்ன் சத்தத்தில் எங்கள் காதும் செவிடாகிக் கொண்டிருந்தது. ஆனால் லைட்டைக் கழற்றக் காட்டிய ஊக்கத்தில் பாதியை ரயரில் காட்டியிருந்தால்!

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் கடைக்கு ஒவ்வொரு விடியற்காலையும் ஒரு பால்காரர் வருவார். சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கான். சேகரிப்பு நிலையத்துக்கு ஆறு மணிக்கு முந்திப் போக வேண்டும். பின் சக்கரத்துக்குக் காற்றடித்துவிட்டுப் போவார். காசு வாங்கமாட்டேன், கிழமையில் ஒருக்கால் ஒரு போத்தல் பால் வைத்துவிட்டுப் போவார். ஒரு மார்கழி மாதம், பனி மூட்டம், ஐந்தே முக்கால் இருக்கும். காற்றடித்துக் கொண்டு போனவர் கடையிலிருந்து கூப்பிடு தூரம் போகவில்லை. டிப்பர் பின்னாலிருந்து அடித்தது. நான் ஓடிப்போகும்போது வீதி முழுக்கப் பால். மற்றதை எழுதவில்லை.

பொலிஸ் ஏழரைக்கு வந்தது. நாடா பிடித்து அளந்தார்கள், சோக்கால் கீறினார்கள், என்னிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள், குறை சொல்லமாட்டேன். ஒன்பதரை மணிக்கு மரத்தடியில் வழமைபோல ஹெல்மெட் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு வழக்கெல்லாம் முடிந்து அந்தச் சைக்கிளை என்னிடம் கொண்டுவந்து போட்டார்கள், திருத்த முடியுமா என்று. முன் சக்கரம் எட்டுப்போல வளைந்து கிடந்தது. வீட்டுக்காரர் திரும்ப வந்து எடுக்கவில்லை. இப்போதும் கடைக்குப் பின்னால் கொழுவித்தான் இருக்கிறது.

அதனால்தான் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். டிப்பர்கள் பறப்பது விடிய நாலு மணியிலிருந்து ஆறரை வரைக்கும். கொழும்பு-யாழ்ப்பாணம் இரவு பஸ்கள் வன்னியைக் கடப்பது நடுச்சாமத்திலும் விடியப்புறத்திலும். தனியார் பஸ்ஸும் அரசாங்கத்தின் சி.ரி.பி. பஸ்ஸும் ஒன்றையொன்று முந்தி ஓடுவது காலையில் முதல் ஓட்டத்தில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதியைக் கடப்பது ஏழிலிருந்து ஏழரைக்குள். இத்தனையும் முடிந்த பிறகு, ஒன்பதரைக்கு, யூரியா வாங்கப் போகிறவரும் வங்கிக்குப் போகிற அம்மாவும் வீதியில் இருக்கும்போது சட்டம் வந்து நிற்கிறது. குடிமனைக்குள் 50, வெளியே 70 என்று காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் விதி இருக்கிறது, ஓட்டோவுக்கு 40. மரத்தடியில் வேகம் அளக்கும் கருவியோடு நிற்கும் நாளிலும் பிடிபடுவது 83இல் போன வான்காரர். அவர் பிழைதான். ஆனால் அவர் பிடிபட்டதும் எதிரே வரும் அத்தனை வாகனங்களுக்கும் லைட் அடித்துக் காட்டிவிடுவார், அடுத்த ஒரு மணித்தியாலத்துக்கு ஏ9 முழுக்கச் சாமி ஊர்வலம் போல ஊர்ந்து வரும். இது உங்களுக்கும் தெரிந்த விளையாட்டு.

அடுத்தது தண்டம். ஆயிரம் ரூபாய் எல்லோருக்கும் ஆயிரம் ரூபாய்தான் என்று சட்டம் நினைக்கிறது. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து வந்தவரை ஏ9இல் வைத்து எழுதினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். லைசன்ஸை நீங்கள் வைத்துக்கொள்வீர்கள். அவர் பதினாலு நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்ட வேண்டும், தவறினால் இரட்டிப்பு, அதற்கும் தவறினால் நீதிமன்றம். கட்டிய பற்றுச்சீட்டோடு திரும்ப உங்கள் நிலையத்துக்கு வந்தால்தான் லைசன்ஸ். தபாற்கந்தோருக்கு அரை நாள், பொலிஸுக்கு ஒரு நாள், அங்கே பொறுப்பானவர் வெளியே போயிருந்தால் இன்னொரு நாள். நாள் கூலிக்காரருக்கு ஆயிரம் ரூபாய்த் தண்டம் உண்மையில் ஐயாயிரம், ஆறாயிரம். 2025இல் கோவ்பே என்று போனிலேயே தண்டம் கட்டும் முறையைத் தொடங்கினீர்கள். பட்டன் போன் வைத்திருக்கும் கமக்காரருக்கு அது எதற்கு? இந்த அலைச்சலைக் கணக்குப் பார்த்துத்தான் 'சேர், ஏதாவது பார்த்துச் செய்யுங்கோ' என்று சட்டைப் பைக்குள் கை விடுகிறார்கள். கை நீட்டுகிறவரை மட்டும் திட்டுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. அந்தக் கையை நீட்ட வைக்கிற ஒழுங்கும் உங்களுடையதுதான்.

எழுதுவது என்ன மொழியில் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கமக்காரர் கடைசியில் சீட்டோடு என் கடைக்குத்தான் வந்தார், என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லச் சொல்லி. பேனாவால் எழுதியதெல்லாம் சிங்களத்தில். எனக்கும் தெரியாது. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நின்ற பெடியன் ஒருவன் அடுத்த கடையில் இருக்கிறான், அவனைக் கூப்பிட்டு வாசித்தோம். தான் என்ன குற்றம் செய்தேன் என்று தெரிந்துகொள்ள ஒருவர் சாப்பாட்டுக் கடைப் பெடியனைத் தேட வேண்டியிருக்கிறது. தமிழும் அரச கரும மொழி, வடக்கில் நிர்வாக மொழி. இதை அரசியல் மேடைக்காகச் சொல்லவில்லை. எழுதுகிறவருக்குத் தமிழ் வராவிட்டால் குற்றங்களைத் தமிழில் அச்சடித்து, கோடு போடுகிற மாதிரி ஒரு சீட்டுக் கொடுங்கள். எவ்வளவு செலவு?

பிடிபட்டால் போன் எடுக்கிறவர்களும் உண்டு. கறுப்புக் கண்ணாடி ஜீப் நிற்கும். கண்ணாடி பாதி இறங்கும். உள்ளேயிருந்து ஒரு கை போனை நீட்டும், 'கதையுங்கோ சேர்' என்று. உங்கள் ஆள் போனைக் காதில் வைப்பார், இரண்டு தரம் 'ஹரி சேர்' என்று சிங்களத்தில் 'சரி' சொல்லுவார், கண்ணாடி ஏறும். யாரோடு கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போன் நீட்டுகிற கை எந்தக் கட்சி வந்தாலும் மாறுவதில்லை, இதை வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆமியின் பச்சை நிற வாகனங்களைப் பற்றி ஒரு வரி: அவற்றை மரத்தடியில் மறித்ததை நான் கண்டதே இல்லை.

என்னுடைய மருமகன் கொழும்பில் ஓட்டோ ஓடுகிறான். பெருநாளுக்கு வந்தால் இதையேதான் சொல்லுவான்: பணக்காரர் இருக்கிற கறுவாத்தோட்டத்தில் ஒரு சட்டம், ஏழைகள் இருக்கிற கிராண்ட்பாஸில் ஒரு சட்டம், ஓட்டோவை மறிக்கிற கை பென்ஸைக் கண்டால் சல்யூட் அடிக்கும் என்று. ஆனால் 2024 ஜனவரி 22இலிருந்து அங்கே கமராவில் பார்த்துப் பிடிக்கத் தொடங்கினார்கள் அல்லவா, அதைப் பற்றிக் கேட்டேன். 'மாமா, கமராவுக்குப் போன் நீட்ட ஏலாது' என்றான். எனக்கு அது பிடித்தது. எங்கள் சந்திகளுக்குக் கமரா வர எத்தனை வருடமாகும் என்று தெரியாது, கேட்கவும் மாட்டேன், தெருவிளக்கே ஒழுங்காக எரியாத இடம். கமரா நிற்கிற மாதிரி ஒரு மனிதர் நின்றால் போதும்.

வயதானவர்கள் என் கடையில் இருந்து கதைக்கும்போது 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகான காலத்தை இழுப்பார்கள். பாதை திறந்து, ஓமந்தையால் வாகனங்கள் வந்துபோன நாலு வருடம். இதே வீதியில் வேறு சீருடைக்காரர்கள், புலிகளின் காவல்துறையினர், வேகம் அளந்து தண்டம் எழுதினார்கள், கொழும்பிலிருந்து வந்த வாகனத்துக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதை நல்ல காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் காலத்தில் தண்டத்தைவிடப் பெரிய பயங்கள் எங்களுக்கு இருந்தன. 2009இல் முள்ளிவாய்க்காலோடு இந்தச் சனத்தின் லைசன்ஸும் வாகனப் புத்தகமும் வீட்டு உறுதியும் எல்லாம் போய்விட்டன. இன்றைக்கும் மரத்தடியில் 'புத்தகம் எங்கே' என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்கும் சில வயதானவர்கள் உண்டு. அவர்களோடு கொஞ்சம் பொறுமையாகக் கதைக்கச் சொல்லுங்கள்.

ரயில் கடவை. 2013இல் கிளிநொச்சி வரைக்கும், 2014இல் யாழ்ப்பாணம் வரைக்கும் ரயில் திரும்ப வந்தது. எங்களுக்கு அது பெரிய சந்தோசம். கூடவே காவல் ஒழுங்கில்லாத கடவைகளும் வந்தன. கடவையில் கவனமில்லாமல் ஏறுகிறவருக்குச் சட்டத்தில் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டம். அதே கடவையில் வெயிலிலும் மழையிலும் நின்று கயிறு இழுக்கிற, தடி தூக்குகிற ஆட்களை வேலைக்கு எடுத்தது உங்கள் திணைக்களம்தான். நாளுக்கு 250 ரூபாய் என்று வருடக் கணக்காக வேலை வாங்கினீர்கள், அவர்களும் பதாகை பிடித்துக் களைத்தார்கள். ஒரு தண்டத்தில் அந்த மனிதருக்கு நூறு நாள் சம்பளம் கொடுக்கலாம். இதற்கு மேல் இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது.

எங்கள் பிழைகளையும் சொல்லாவிட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். காலபோகம் வெட்டி முடிந்ததும் தை, மாசியில் வீதியின் பாதி நெல் காயும் களமாகிவிடும். காப்பெற் வீதி நல்லாகச் சூடேறும், ஒரு நாளில் காய்ந்துவிடும், எனக்கும் விளங்குகிறது, நானும் ஒரு ஏக்கர் செய்கிறவன். சுற்றிக் கல் வைப்பார்கள். பின்னேரம் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல்லை விட்டுவிட்டுப் போவார்கள். இருட்டில் அந்தக் கல்லில் ஏறி விழுந்தவர்களின் வளைந்த ரிம் எத்தனையை நான் நிமிர்த்தியிருக்கிறேன். கட்டாக்காலி மாடுகள் வேறு. இராத்திரியில் தார்ச் சூட்டுக்கு நடு வீதியில் படுத்திருக்கும், கறுத்த மாடென்றால் கண் மட்டும்தான் மினுங்கும். விடிய யாராவது அடிபட்டுக் கிடந்தால் மாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கமாட்டார், மாடு செத்துக் கிடந்தால் நட்டஈடு கேட்டு உடனே வந்துவிடுவார். லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி, ஒரு சிவப்புத் துணி கூடக் கட்டாமல் நடு வீதியால் போகிற வெட்டு மிசின், அப்பாவின் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராய்ப் பறக்கிற பதினாறு வயதுப் பெடியன்கள். இவர்களையும் பிடியுங்கள். நெல் காயப்போடுகிறவர் ஊர்த் தலைவரின் மச்சான் என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு மச்சான் முறைக்காரர் என்றாலும் எழுதுங்கள், ஆனால் முதலில் ஒருக்கால் கல்லை எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

அப்ப என்ன கேட்கிறேன் என்றால், கூட ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. இருக்கிற இரண்டு பேரையே கிழமைக்கு மூன்று நாள் விடிய நாலரைக்கு அனுப்புங்கள். மரத்தடிக்கு வேண்டாம், மணல் பாதை ஏ9இல் ஏறுகிற முடக்கில் நிற்கட்டும். ஒரு டோர்ச் கொடுத்துவிடுங்கள், உள் ரயரைக் குனிந்து பார்க்க. ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வரட்டும். ஒன்பதரைக்கு வீட்டை போய்ப் படுக்கட்டும், நாங்கள் யாரும் ஏன் மரத்தடியில் ஆளில்லை என்று கேட்கமாட்டோம். இரவு பஸ்களுக்கு மாதத்தில் இரண்டு இரவு போதும், சாரதிமாருக்குச் செய்தி தானாகப் பரவும். லைட் அடித்துக் காட்டுகிற அந்தப் பழக்கம் அப்போதாவது எங்களுக்கு உதவட்டும்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற வாகனம் இல்லை. கொழும்பிலிருந்து வருகிற சொகுசு பஸ்ஸும் நிற்கும், ஆமிக்காரரின் ட்ரக்கும் நிற்கும், டிப்பர்காரனும் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவான். என் கடையில் ஒருவர் சொன்னார், 'பொலிஸை அங்கை கொண்டுபோய் நிப்பாட்டினா எல்லாரும் பிடிபடுவினம்' என்று. பகிடிதான். ஆனாலும் யோசித்துப் பார்த்தேன், எல்லோரும் ஒரே மாதிரி நிற்கிற இடம் இந்த வீதியில் அது ஒன்றுதான் இருக்கிறது.

நான் விடிய ஐந்து மணிக்குக் கடை திறக்கிறவன். உங்கள் ஆட்கள் முடக்கில் நிற்கிற நாளில் பிளேன்ரீ என்னுடைய செலவு, சீனி கூடப் போட்டு. அது லஞ்சக் கணக்கில் வருமென்றால் காசைக் கொடுத்துவிட்டுக் குடிக்கட்டும், வாங்குகிறேன்.

இப்படிக்கு,
மருதமரத்துக்கு எதிர்க்கடைக்காரன்